புதுமை காண்டலும் துணிந்து செய்தலும்

விவசாயமும் ஒரு வியாபாரமே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நிலத்தையும் விதையையும் எருவையும் கூலியையும் முதலாகப் போட்டு, மழையையும் சந்தையையும் எதிர்நோக்கி, பல மாதங்களுக்குப் பின் வரப்போகும் வரவை நம்பி இன்று செலவு செய்பவர் விவசாயி. ஆலை வைப்பவருக்கும் கடை வைப்பவருக்கும் வேண்டிய குணங்கள் யாவும் அவருக்கும் வேண்டும். அவற்றுள் இரண்டு இங்கே ஆராயத் தக்கவை. ஒன்று, பிறர் காணாததைக் காணும் புதுமை நோக்கு. மற்றொன்று, தாம் கண்டதை நம்பிக் காரியத்தில் இறங்கும் துணிவு.

இவ்விரண்டும் இல்லாமையால் விளையும் நஷ்டத்தைக் கிராமங்களில் ஆண்டுதோறும் காணலாம். பக்கத்து நிலத்துக்காரர் சென்ற ஆண்டு வெங்காயம் போட்டு நல்ல விலை கண்டார் என்று கேட்டவுடன், அவ்வூரார் பலரும் அடுத்த ஆண்டு வெங்காயமே போடுகின்றனர். அயலூர்களிலும் அவ்வாறே நிகழ்கிறது. நடும்போது இருந்த விலையைப் பார்த்து நட்டவர்கள், பிடுங்கும்போது உள்ள விலைக்கு விற்கவேண்டியவர்களாகின்றனர். அப்போது சந்தையில் சரக்கு குவிந்து விலை வீழ்ந்துவிடுகிறது. மனம் கசந்து அனைவரும் அதனைக் கைவிட்ட ஆண்டில் விலை மீண்டும் ஏறுகிறது. பிறரைப் பின்பற்றுவது ஆபத்தில்லாத வழி என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். யாவரும் செல்லும் வழியில் செல்பவருக்கு யாவருக்கும் கிடைக்கும் விலையே கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான குற்றமும் உண்டு. மனத்தில் தோன்றிய யோசனை ஒன்றை உடனே நிலம் முழுவதிலும் செய்துபார்த்து, ஒரே பருவத்தில் முதலை இழப்பவர்களும் இருக்கின்றனர். இவர்கள் துணிவுள்ளவர்களே, ஆனால் தங்கள் துணிவுக்கு அளவு கோலாதவர்கள். இவ்விரு குற்றங்களுக்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. அதனைப் படிப்பு மிகுதியும் இல்லாத ஓர் ஏழை விவசாயி நடந்து காட்டியிருக்கிறார். அவர் பெற்ற வெற்றியும், வெற்றிக்குப் பின் அடைந்த குறையும் ஆகிய இரண்டுமே மற்ற விவசாயிகளுக்குப் பாடமாகும்.

நாந்தேடு கிராமத்துக் கதிர்கள்

மகாராஷ்டிர ராஜ்யத்தில் சந்திரபூர் ஜில்லா, நாக்பீடு தாலுகாவில் நாந்தேடு என்பது ஒரு சிற்றூர். நெல் மிகுதியாக விளையும் பிரதேசம் அது. அவ்வூரினரான தாதாஜி ராமாஜி கோப்ரகடே என்பவர் மிகச் சிறிய நிலத்தில் பயிர் செய்து வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது சில வகுப்புக்களே.

1983-ஆம் ஆண்டில் அவர் தம் வயலில் ‘படேல் 3’ என்னும் நெல்லைப் பயிரிட்டிருந்தார். கதிர் முற்றிய சமயத்தில் வயலைச் சுற்றிப் பார்த்து வருகையில், மூன்று கதிர்கள் மட்டும் மற்றவற்றைப் போலன்றி மஞ்சள் நிறமான மணிகளோடு நிற்பதைக் கண்டார். இத்தகைய கதிர் எந்த வயலிலும் தோன்றக்கூடும். பெரும்பாலோர் அதனைக் கலவன் என்று கருதி, மற்றக் கதிர்களோடு அறுத்துக் களத்தில் சேர்த்துவிடுவர். தாதாஜி அவ்வாறு செய்யவில்லை. அக்கதிர்களைத் தனியே கொய்து ஒரு பையிலிட்டுக் காப்பாற்றி வைத்தார்.

அடுத்த ஆண்டு அம்மணிகளை வயலின் நடுவில் சிறிய இடத்தில் விதைத்து, காட்டுப்பன்றி முதலியவை அழித்துவிடாதபடி சுற்றிலும் முள்ளிட்டுப் பாதுகாத்தார். விளைந்ததை உண்ணாமலும் விற்காமலும் மீண்டும் விதைத்தார். இவ்வாறு ஆண்டுதோறும் வேறுபட்டவற்றை நீக்கி, நல்லவற்றைப் பொறுக்கி விதைத்துவர, 1988-க்குள் அந்நெல் வயலில் பயிராக நிற்குமளவு பெருகியது. அதன் அரிசி மெல்லியதாகவும் சோறு சுவையுள்ளதாகவும் இருந்தன. குத்தும்போது அரிசியும் கூடுதலாகக் கண்டது.

அதன்பின் ஊரிலுள்ள பெரிய நிலக்காரர் ஒருவர் அவரிடம் விதை வாங்கிப் பயிரிட்டார். நெல் சந்தைக்குச் சென்றபோது அதற்குப் பெயர் இல்லை. அக்காலத்தில் பலருடைய கையிலும் விளங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தின் பெயரை வியாபாரிகள் அதற்கு இட்டனர். அப்பெயராலேயே அந்நெல் மகாராஷ்டிரத்திலும் அண்டை ராஜ்யங்களிலும் பரவியது. பின்னர் தாதாஜி ‘டி.ஆர்.கே.’, ‘விஜய் நாந்தேடு’, ‘தீபக் ரத்னா’ முதலான வேறு ரகங்களையும் பொறுக்கி எடுத்தார். ஆகவே முதல் வெற்றி அதிருஷ்டத்தினால் மட்டும் வந்ததன்று என்பது தெளிவு.

கண் பழகுவது எவ்வாறு?

“அது வேறாகத் தோன்றியது, ஏதோ இருக்கிறது என்று மனம் சொல்லிற்று” என்று அநுபவமுள்ள விவசாயிகள் கூறுவது உண்டு. இத்தகைய உள்ளுணர்வைத் தெய்வ வாக்காகக் கொள்ளுதலும் தவறு. வீண் பிரமை என்று தள்ளுதலும் தவறு. பல ஆண்டுகள் ஒரே பயிரை ஒரே நிலத்தில் பார்த்துவந்த கண்ணுக்கு, அப்பயிரின் இயல்பான தோற்றம் இன்னது என்பது பதிந்துவிடுகிறது. அதிலிருந்து சிறிது மாறுபட்டது எதிர்ப்பட்டாலும், காரணத்தை வாயினால் சொல்லுமுன் கண் அதில் நின்றுவிடுகிறது. சாணத்தை மிதித்ததும் எருவின் பதம் அறிவதும், நெல்லைப் பல்லில் கடித்துக் காய்ச்சல் அறிவதும் இவ்வாறு வந்த அறிவே.

ஆதலின் உள்ளுணர்வை வளர்க்க விரும்புவோர் வயலுக்குச் செல்லவேண்டும். குத்தகைக்கு விட்டுவிட்டு அறுப்பன்று மட்டும் களத்திற்கு வரும் நிலச்சொந்தக்காரர்களுக்கு இவ்வறிவு உண்டாதல் அரிது. குறைந்தது நான்கு சமயங்களில் வயலை வரப்பில் நின்று பாராமல் உள்ளே இறங்கிப் பார்ப்பது அவசியம்: தூர் கட்டும்போது, பூக்கும்போது, பால் பிடிக்கும்போது, முற்றும்போது. விதைக்கென ஒதுக்கிய வயலில் கலவன்களைப் பிடுங்கி எறியவேண்டும் என்பது நெடுநாளைய விதி. அவ்விதியைக் கைவிடலாகாது. எனினும் எறியுமுன் அந்தக் கலவனைக் கையில் வைத்து ஒரு முறை நோக்குவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

மெய்யான வேறுபாடும் பொய்யான வேறுபாடும்

கண்ணில் பட்ட வேறுபாடுகள் எல்லாம் நிலைப்பவை அல்ல. வரப்போரத்துப் பயிர் பருத்துத் தூர் மிகுந்து நிற்பது, அதற்கு வெளிச்சமும் இடமும் அதிகம் கிடைத்ததனால். மாடு சாணமிட்ட இடத்திலும், ஆடு கிடை வைத்த மூலையிலும் பயிர் கருகருவென வளர்வது எருவின் பலனால். ஒருவகைப் பூசண நோய் கண்ட நாற்று, அளவுக்கு மீறி நெட்டையாகி வெளிறி நிற்கும். இவற்றின் விதையை எடுத்து விதைத்தால் அடுத்த ஆண்டு அச்சிறப்பு வாராது.

டென்மார்க்கு தேசத்து விஞ்ஞானியான யோஹான்சன் என்பவர் இதனை அவரையினத்துப் பயறு ஒன்றில் சோதித்து 1903-ல் வெளியிட்டார். ஒரே விதையின் வழிவந்த செடிகளில் பருத்த மணிகளையும் சிறுத்த மணிகளையும் பிரித்து விதைத்தபோது, இரண்டின் சந்ததியும் சராசரியில் ஒரே அளவான மணிகளையே தந்தன. பலவகை கலந்த விதையிலிருந்து பொறுக்கினால் மட்டுமே பலன் கண்டது. எனவே பரம்பரையாய் வரும் வேறுபாடு வேறு. இடத்தினாலும் எருவினாலும் வந்த வேறுபாடு வேறு. அவற்றைப் பிரித்தறிதற்கு அடுத்த ஆண்டு விதைத்துப் பார்ப்பதே உரைகல்.

பயிரின் இயல்பையும் அறிந்திருக்கவேண்டும். நெல்லில் ஒரு பூவின் மகரந்தம் பெரும்பாலும் அதே பூவிலேயே சேர்கிறது. வேறு செடியின் மகரந்தம் கலப்பது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதனால் புதிதாகத் தோன்றிய நெற்கதிர் ஒன்றின் குணத்தைச் சில ஆண்டுப் பொறுக்கலினால் நிலைநிறுத்த முடிகிறது. நிலக்கடலை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவையும் ஏறக்குறைய இவ்வியல்பினவே. கம்பிலும் மக்காச்சோளத்திலும் காற்றினால் மகரந்தம் ஊரெங்கும் கலப்பதால், ஒரு நல்ல கதிரை மட்டும் எடுத்து விதைத்தால் அதன் குணம் சிதறிப்போகும். மாவிலும் கொய்யாவிலும் விதையினால் குணம் நிலையாது. ஒட்டுக் கட்டியோ பதியம் போட்டோ காக்கவேண்டும்.

விபத்திலும் புதுமை உண்டு

புதுமை எப்போதும் நல்ல உருவத்தோடு வருவதில்லை. சில சமயம் தவறு போலவும் வரும். நாந்தேடு கிராமத்தில் மூன்று கதிர்கள் தோன்றிய அதே 1983-ல், மடகாஸ்கர் தீவில் அன்ட்சிராபே என்னும் இடத்தில் வேறொரு நிகழ்ச்சி நேர்ந்தது. அங்கே இளம் விவசாயிகளுக்குப் பள்ளி நடத்திவந்த லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், பருவக் கோளாறினால் 15 நாள் வயதே ஆன நாற்றைப் பிடுங்கி நடும்படி ஆயிற்று. அப்பக்கத்து வழக்கப்படி அஃது ஏறக்குறைய பாதி வயது நாற்று. நட்ட வயல் முதலில் நலிந்தே தோன்றியது. பின்னர் தூர்கள் கண்டோர் வியக்கும்படி வெடித்தன.

இதனை ஒரு தற்செயல் என்று விட்டிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். லொலானியே மறு ஆண்டு வேண்டுமென்றே இளநாற்றை நட்டுப் பார்த்தார். பின்னும் இளைய நாற்றையும் நட்டார். இளநாற்று, குத்துக்கு ஒரு நாற்று, சதுர நடவு, நீரை எப்போதும் தேக்காமல் நனைத்தும் காயவிட்டும் பாய்ச்சுதல், களைக்கருவியை உருட்டி மண்ணைக் கிளறுதல் ஆகியவை சேர்ந்த முறை இவ்வாறு உருவாயிற்று. தமிழ்நாட்டில் ‘திருந்திய நெல் சாகுபடி’ என்று வழங்குவது அம்முறையே. விபத்தைக் கண்டு மனம் கலங்காமல், “இதிலிருந்து அறியக்கூடியது என்ன?” என்று கேட்டவருக்கே அது பயன்பட்டது.

துணிவுக்கு அளவு

புதிய யோசனையைப் பரீட்சிப்பதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. நூறு சென்டு கொண்ட ஓர் ஏக்கரில் நான்கு சென்டை ஒதுக்கினால், யோசனை முற்றிலும் பொய்த்தாலும் நஷ்டம் நூற்றுக்கு நான்கே. இந்த நஷ்டத்தை ஒரு செலவாக முன்னரே கணக்கில் எழுதிவிடுதல் நன்று. அப்போது மனத்தில் அச்சமும் இராது. தோல்வியை மறைக்கவேண்டும் என்ற எண்ணமும் எழாது. விதையைப் பொறுத்தவரை பரீட்சையைக் கீழ்க்கண்டவாறு நடத்தலாம்.

முதலாம் ஆண்டு: கண்ட கதிர்களைத் தனித்தனியே கொய்து, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனி உறையிலிட்டு அடையாளம் எழுதவேண்டும். கதிர்களை ஒன்றாகக் கலத்தல் கூடாது.

இரண்டாம் ஆண்டு: ஒவ்வொரு கதிரின் மணிகளையும் தனித்தனி வரிசையாக, குத்துக்கு ஒரு நாற்றாக நடவேண்டும். மூன்று கதிர்களில் முந்நூறு மணிகள் இருந்தால், ஒரு சென்டில் மூன்றிலொரு பங்கே அவற்றிற்குப் போதும். பக்கத்தில் பழைய ரகத்தையும் ஒரு வரிசை நட்டு ஒப்பிடவேண்டும். செடிகள் யாவும் ஒரே மாதிரி இருக்கும் வரிசையை வைத்துக்கொண்டு, ஏற்றத்தாழ்வு மிகுந்த வரிசைகளை நீக்கவேண்டும். அல்லது அவற்றினின்று மீண்டும் தனிச்செடி பொறுக்கவேண்டும்.

மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும்: வேறுபட்ட செடிகளைப் பூக்கும்போதும் முற்றும்போதும் களைந்து, விதையைப் பெருக்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பழைய குணமே வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

ஐந்தாம் ஆண்டு முதல்: புதிய ரகத்தையும் பழைய ரகத்தையும் ஒரு சென்டு, ஒரு சென்டாக மாற்றி மாற்றி நான்கு இடங்களில், ஒரே நாளில், ஒரே வயது நாற்றாக, ஒரே அளவு எருவிட்டு நடவேண்டும். அறுக்கும்போது ஓரத்து வரிசைகளை நீக்கிவிட்டு, நடுவில் இரு ரகத்திற்கும் சம அளவான இடத்தை அறுத்து, நன்கு காய்ந்தபின் நிறுக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் புதியது மிஞ்சினால் அது மண்ணின் குணமாக இருக்கலாம். நான்கு இடத்திலும் மிஞ்சி, மறு பருவத்திலும் மிஞ்சினால்தான் அதனை நம்பலாம்.

மகசூலோடு பரீட்சை முடிந்துவிடாது. நெல்லை ஆலையில் கொடுத்து அரிசி எவ்வளவு காண்கிறது, நொய் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கவேண்டும். வீட்டில் சமைக்கச் செய்து, சோற்றின் சுவையையும் மறுநாள் பதத்தையும் பெண்களிடம் கேட்டறியவேண்டும். வைக்கோலை மாடு விரும்பித் தின்கிறதா என்பதும் கவனிக்கத்தக்கது. எச்.எம்.டி. நெல் பரவியது வயலில் விளைந்ததனால் மட்டும் அன்று. உண்பவர் அதனைக் கேட்டு வாங்கியதனாலும் ஆகும். விற்கும் இடத்தை எண்ணாத புதுமை, களஞ்சியத்தை விட்டு வெளியேறாது.

மேற்கூறிய ஆண்டுகள் சிலருக்கு நீண்டவையாகத் தோன்றலாம். உள்ளுணர்வு எங்கே பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லும். கண்டது சரியா என்பதைத் தராசே சொல்லும். தாதாஜி முதற்கதிரைக் கண்டதிலிருந்து போதிய விதை சேரும் வரை ஐந்து ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலமும் பிறர் ஏளனத்தைப் பொருட்படுத்தாது காத்திருப்பதற்கே துணிவு மிகுதியாக வேண்டும்.

இரண்டு கண்டுபிடிப்புக்கள்

நாந்தேட்டில் நிகழ்ந்ததைப் போன்ற நிகழ்ச்சி தமிழ்நாட்டிலும் முன்னரே நடந்ததுண்டு. கோயமுத்தூரில் 1912-ல் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ‘கோனமணி’ என்னும் நெல்லில் தானே தோன்றிய மாறுபாடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. மெல்லிய உயர்ந்த அரிசியைத் தந்த அது, 1921-ல் ‘ஜி.இ.பி. 24’ என்ற பெயரோடு வெளியாயிற்று. அரசாங்கத் தாவர நூல் நிபுணர் ஒருவருடைய பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்களே அப்பெயர். விவசாயிகள் அதனைக் கிச்சிலிச் சம்பா என்று வழங்கினர். பின்னர் அதனையே பெற்றோராகக் கொண்டு வேறு ரகங்கள் பிறந்தன. திரூர்க்குப்பத்து டி.கே.எம். 6, அதன் வழியே ஐ.ஆர். 20, ஆந்திரத்தில் தோன்றித் தமிழ்நாட்டிலும் பரவிய பி.பி.டி. 5204 ஆகிய இவற்றின் வமிசாவளியில் எல்லாம் ஜி.இ.பி. 24 இருக்கின்றது. நூறு ஆண்டு கடந்தும் அதன் பிறப்பைச் சொல்ல முடிகிறது. காரணம், அது பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது.

நாந்தேட்டுக் கதிரும் அதே வகையான கண்டுபிடிப்பே. ஆனால் அங்கே பதிவேடு இல்லை. விதை கைமாறிச் சென்றபோது யாருக்கு எவ்வளவு என்று எழுதிவைக்கப்படவில்லை. பெயரும் வியாபாரிகள் இட்ட பெயர். 1994-ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிபுணர்கள் தாதாஜியிடமிருந்து விதை பெற்றுச் சென்றனர். 1998-ல் அப்பல்கலைக்கழகம் அந்நெல்லைத் தன் பெயர் சேர்த்து வெளியிட்டது. விதையைத் தூய்மைப்படுத்தித் தந்தது தாங்களே என்று பல்கலைக்கழகத்தார் கூறினர். கண்டுபிடித்தவருக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று தாதாஜி வருந்தினார். இரு தரப்பிலும் உழைப்பு இருந்திருக்கலாம். அவரவர் பங்கு இவ்வளவு என்று காட்டுதற்கு விவசாயியின் கையில் ஏடு இல்லாமற்போனதே குறை.

பின்னர் பாராட்டுக்கள் வந்தன. 2005-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவருக்குத் தேசியப் பரிசு அளித்தார். 2010-ல் அமெரிக்கப் பத்திரிகையான ‘போர்ப்ஸ்’ இந்தியாவின் சிறந்த கிராமத் தொழில் முனைவோர் எழுவரில் அவரையும் ஒருவராகக் குறிப்பிட்டது. எனினும் பல்லாயிரம் ஏக்கரில் விளைந்த அந்நெல்லினால் அவருக்குச் செல்வம் சேரவில்லை. 2018 ஜூன் மாதம் வறுமையிலேயே காலமானார். புதுமை காண்பது ஒரு திறமை. அதனைத் தனக்கும் தன் ஊருக்கும் பயன்படும்படி காப்பது வேறொரு திறமை. முன்னது உள்ளவரிடம் பின்னது இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதனை மற்றவர்கள் நினைவூட்டவேண்டும்.

ஏடும் சட்டமும்

தாதாஜி கதிரைக் கண்ட காலத்தில் விவசாயிக்கு உதவும் சட்டம் இல்லை. இப்போது உண்டு. 2001-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, விவசாயி தாம் உருவாக்கிய ரகத்தைத் தம் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். ஒருவராகவும் செய்யலாம், ஊராராகச் சேர்ந்தும் செய்யலாம். இதற்கென விவசாயியிடம் கட்டணம் வாங்குவதில்லை. ரகம் மற்றவற்றினின்று தெளிவாக வேறுபட்டிருத்தல், செடிகள் ஒரே சீராயிருத்தல், ஆண்டுதோறும் குணம் மாறாதிருத்தல் ஆகிய மூன்றும் நோக்கப்படும். மேலே கூறிய ஐந்து ஆண்டுப் பரீட்சை இம்மூன்றையும் காட்டுதற்கே உதவுகிறது. நெல் முதலிய வயற்பயிர்களுக்குப் பாதுகாப்பு 15 ஆண்டுகள். மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டுகள்.

விவசாயி வைத்திருக்கவேண்டிய ஏடு எளியது. கதிர் கண்ட தேதி, வயலின் சர்வே எண், முதலில் விதைத்த ரகம், கண்ட வேறுபாடு, பூத்த நாள், முற்றிய நாள், பயிரின் உயரம், கண்ட பூச்சியும் நோயும், சென்டுக்கு விளைவு ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதவேண்டும். விதை கொடுக்கும்போது பெற்றவர் பெயர், எடை, தேதி ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்கவேண்டும். உறவினருக்குக் கொடுத்தாலும், சர்க்கார் உத்தியோகஸ்தருக்குக் கொடுத்தாலும் இதில் கூச்சம் ஆகாது. விதையைச் சந்தைக்கு அனுப்புமுன் அதற்குத் தாமே ஒரு பெயர் இடுதல் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சில கதிர்களை உலர்த்தி, தேதியிட்டு, வீட்டில் பத்திரப்படுத்துதலும் நன்று.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. விவசாயியின் விண்ணப்பத்திற்குப் பஞ்சாயத்தின் உயிரினப் பன்மை மேலாண்மைக் குழு, அல்லது ஜில்லா வேளாண்மை அதிகாரி போன்றவரின் மேலொப்பம் வேண்டும். 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டத்தின்படி அக்குழு ஊரிலுள்ள பயிர் ரகங்களை எழுதிய மக்கள் பதிவேடு ஒன்றை வைத்திருக்கவேண்டும். ஊரில் ஒருவர் புதிய கதிர் ஒன்றைக் காட்டினால், அதனைப் பரிகசியாமல், கண்ட இடத்திற்குச் சென்று பார்த்து, அப்பதிவேட்டில் தேதியோடு எழுதி வைப்பது அதிகாரிகள் செய்யக்கூடிய பேருதவி. அன்றைக்குச் செலவாகும் அரைமணி நேரம், பிற்காலத்தில் ஒரு குடும்பத்தின் உரிமையைக் காத்துத் தரும்.

முடிவு

புதுமை என்பது பட்டணத்திலிருந்தோ பிற தேசத்திலிருந்தோ வரவேண்டிய சரக்கு என்று எண்ணியிருத்தல் வேண்டா. வேறாக நிற்கும் கதிரும், எதிர்பாராமல் செழித்த பாத்தியும், பிறர் விளைவியாத பருவத்தில் விளைந்த காயும் ஒவ்வோர் ஊரிலும் தோன்றுகின்றன. அவற்றைக் காண்பதற்கு வயலில் நடக்கும் பழக்கம் வேண்டும். கண்டதை நம்புவதற்குத் துணிவு வேண்டும். நம்பியதைச் சோதிப்பதற்கு நான்கு சென்டு நிலமும் சில ஆண்டுப் பொறுமையும் வேண்டும். வென்றதைக் காப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும்.

வரும் அறுப்பின்போது விவசாயிகள் ஒவ்வொருவரும், அரிவாள் வைக்குமுன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கித் தங்கள் வயலினுள் ஒரு முறை நடந்து பார்ப்பார்களாக. வேறாக ஒன்று தென்பட்டால் அதனைத் தனியே கொய்து, உறையிலிட்டு, அன்றைய தேதியை அதன்மேல் எழுதிவைப்பார்களாக. பத்தில் ஒன்பது பயனற்றவையாகலாம். எஞ்சிய ஒன்று இன்னது என்பதை விதைத்துப் பார்த்தாலன்றி யாரும் அறியார்.